416 லிட்டர் மழை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தனி வீட்டில் குடியிருப்பவர், தன் கூரையில் விழும் மழையை இரண்டு பீப்பாய்களில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து 110 கேலனை, அதாவது 416 லிட்டரைத் தாண்டக் கூடாது. பீப்பாய் தரைக்கு மேலே, வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்; இறுக மூடும் மூடி வேண்டும். அந்த நீரைத் தோட்டத்துக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது, வீட்டுக்குள் புழங்கவும் கூடாது. இந்த அனுமதியே 2016 ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை டென்வர் நகரத்தில் கூரைக் குழாயின் அடியில் ஒரு வாளியை வைப்பதுகூடச் சட்டப்படி பிறர் நீரை எடுப்பதுதான். அரசின் உத்தரவை மீறி நீர் எடுப்பவருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை தண்டம் விதிக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. வாளிக்காக யாரையும் பிடித்துத் தண்டித்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நம் கைப்பேசிக்கு வந்துசேரும்போது இந்தச் செய்தி "அமெரிக்காவில் மழையைப் பிடித்தால் ஜெயில்" என்று சுருங்கிவிடுகிறது. வழியில் ஏதாவதொரு பன்னாட்டு நிறுவனத்தின் சதியும் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கொலராடோவின் தடைக்குப் பின்னால் நின்றவர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாய்க்கால் வெட்டியிருந்த விவசாயி. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எழுந்த சட்டம், மழைப் பீப்பாய்வரை கையை நீட்டியது. நீட்டியபோது அதன் கையில் எந்த அளவீடும் இல்லை. அதே சட்டம், ஒருமுறை புழங்கிய நீரைத் திரும்பப் புழங்காதே என்று சொல்லும்போது மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடிவதில்லை. மழைநீர், மறுபயன்பாடு ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் வழக்கம். நான் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கதை தங்கச் சுரங்கத்தில் தொடங்குகிறது. ஆற்றங்கரை நிலத்தின் சொந்தக்காரருக்கே ஆற்றுநீரில் உரிமை என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் மரபு. மழை வளமான இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் அது பொருந்தியது. 1850களில் மேற்கே தங்கம் தேடிப் போனவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. தங்கம் இருந்த இடம் ஒன்று, மண்ணைக் கழுவத் தண்ணீர் இருந்த இடம் இன்னொன்று. முதலில் தோண்டியவருக்கே சுரங்கம் என்ற தங்கள் வழக்கத்தை அவர்கள் தண்ணீருக்கும் நீட்டினார்கள்: முதலில் திருப்பியவருக்கே நீர். பின்னால் வந்த விவசாயிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கொலராடோ 1876இல் மாநிலமானபோது இந்த முந்துரிமை அதன் அரசியல் சட்டத்திலேயே ஏறியது. ஓடும் நீர் பொதுச் சொத்து. அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமைதான் தனியாருடையது. அந்த உரிமை நிலத்தோடு கட்டுண்டதன்று. தனியே விற்கலாம், வாங்கலாம்.

நீதிமன்றத்தில் இது உரசிப் பார்க்கப்பட்டது 1882இல். போல்டர் நகருக்கு வடக்கே செயின்ட் வ்ரெய்ன் ஓடையின் தென்கிளையை மறித்து, லெஃப்ட் ஹேண்ட் வாய்க்கால் நிறுவனம் மேட்டைத் தாண்டி வேறொரு ஓடைக்கு நீரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 1879இல் வறட்சி. செயின்ட் வ்ரெய்ன் கரையில் நிலம் வைத்திருந்தவர்கள், தங்கள் வாசலில் ஓட வேண்டிய நீர் மலைக்கு அப்பால் போவதைப் பொறுக்காமல் தடுப்பணையின் ஒரு பகுதியைப் பிய்த்தெறிந்தார்கள். வழக்கு கொலராடோ உச்ச நீதிமன்றம்வரை போனது. காஃபின் எதிர் லெஃப்ட் ஹேண்ட் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. இந்த வறண்ட மண்ணில் கரையுரிமை என்பது என்றுமே இருந்ததில்லை, முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்றது நீதிமன்றம். நீர் போய்ச் சேர்ந்த லெஃப்ட் ஹேண்ட் ஓடைக்குப் பெயர் வந்தது அரபாஹோ பழங்குடித் தலைவர் ஒருவரால். அவருடைய மக்கள் 1864இன் சாண்ட் க்ரீக் படுகொலையை அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சமவெளியிலிருந்தே அகற்றப்பட்டார்கள். யார் முதலில் வந்தார் என்ற கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதையும் ஜெயித்தவர்களே முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாடு களத்தில் நடக்கும் விதம் இப்படி. ஒவ்வொரு நீருரிமைக்கும் ஒரு தேதி உண்டு. மாநிலத்தில் இன்றுவரை தொடர்ந்து நடக்கும் மிகப் பழைய உரிமை 1852 ஏப்ரல் 10ஆம் தேதியுடையது. தெற்கே சான் லூயிஸில் ஸ்பானிய மொழி பேசிய குடிகள் வெட்டிய மக்கள் வாய்க்கால். கோடையில் ஆறு இறங்கி, 1865ஆம் ஆண்டு உரிமை வைத்திருக்கும் ஒருவருக்கு நீர் போதவில்லை என்றால் அவர் அரசிடம் 'அழைப்பு' வைக்கிறார். உடனே அந்த ஆற்றுக்குப் பொறுப்பான நீர் ஆணையர் கிளம்புகிறார். பெயர்தான் ஆணையர், பார்ப்பது நம் பொதுப்பணித் துறை லஸ்கரின் வேலை. வண்டியில் கரையோரமாகப் போய், 1865க்குப் பின் தேதியிட்ட மதகுகளைக் கடைசித் தேதியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பூட்டுவார். தலைமடையில் இருப்பவரின் தேதி 1890 என்றால், கண்முன்னே ஓடும் நீரைத் தொடாமல் கடைமடைக்காரருக்கு விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் ஓர் அளவைத் தொட்டி இருக்கும்: இருபுறச் சுவரும் நடுவில் குறுகி, தரை ஓரிடத்தில் சரிந்து இறங்கும், சுவரில் பதித்த அளவுகோலில் நீரின் உயரத்தைப் படித்தால் நொடிக்கு எத்தனை கன அடி என்று தெரிந்துவிடும். ஃபோர்ட் காலின்ஸில் வேலை பார்த்த ரால்ஃப் பார்ஷல் 1920களில் உருவாக்கியது. அவர் பெயரிலேயே அது உலகமெங்கும் பாசனத் துறைகளில் புழங்குகிறது. வாய்க்காலில் ஓடுவதை இவ்வளவு துல்லியமாக அளந்த மாநிலம், கூரையிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு போகிறது என்பதை 2007வரை அளந்து பார்க்கவில்லை.

அளக்கத் தேவையில்லை என்று சட்டம் நினைத்தது. ஆற்றுப் படுகைக்குள் விழும் எந்த நீரும், எதிர்மாறாக நிரூபிக்கும்வரை, ஆற்றுக்குப் போகும் நீர் என்பதே அனுமானம். ஆற்றில் இருக்கும் நீர் முழுவதற்கும் ஏற்கெனவே உரியவர்கள் உண்டு. ஆகவே கூரையில் விழும் துளிக்கும் கீழே எங்கோ ஒருவர் 19ஆம் நூற்றாண்டுத் தேதியோடு காத்திருக்கிறார். தர்க்கத்தில் பிசிறில்லை.

இந்தத் தர்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1974இன் ஷெல்டன் பண்ணை வழக்கைப் பார்க்க வேண்டும். பீப்பாயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில் நிலத்தடி நீரை உறிஞ்சிக் குடிக்கும் மரங்களையும் உப்புச்சவுக்குப் புதர்களையும் பண்ணைக்காரர்கள் வெட்டி அகற்றினார்கள். மரங்கள் குடித்துக்கொண்டிருந்த நீர் இனி ஆற்றில் மிச்சம், மிச்சப்படுத்தியவர்கள் நாங்கள், அந்த அளவு நீர் எங்களுக்கு வேண்டும், அதுவும் பழைய உரிமைக்காரர்களின் அழைப்புக்குக் கட்டுப்படாமல் என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. மரம் எடுத்த நீரும் ஆற்றின் நீரே, அதை மீட்டால் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் சேரும். இல்லையென்றால் ஆளுக்கொரு கோடரியோடு ஆற்றங்கரையை மொட்டையடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்ற அச்சமும் தீர்ப்பில் தெரிகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தீர்ப்பின் விளைவு பீப்பாய்வரை வந்தது. 'என் கூரை மழை எப்படியும் ஆற்றுக்குப் போகாது, ஆவியாகத்தான் போகும்' என்று ஒருவர் நிரூபித்தாலும், வீணாகப் போவதை மீட்டதால் அது உன்னுடையதாகிவிடாது என்று சட்டம் பதில் சொல்ல முடிந்தது.

2007இல் டென்வருக்குத் தெற்கே டக்ளஸ் கவுண்டியில் செய்த ஆய்வு இந்த இடத்தில்தான் வந்து மோதியது. அங்கே வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. குடிநீருக்கு நம்பியிருந்த ஆழ்நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் எழும்பாத நிலத்தில் விழும் மழை என்னவாகிறது என்று கணக்கிட்டார்கள். சராசரி ஆண்டில் 97 விழுக்காடு புல்லும் புதரும் உறிஞ்சியும் ஆவியாகியும் போய்விடுகிறது. ஆற்றை எட்டுவது 3 விழுக்காடு. வறண்ட ஆண்டில் ஒன்றுமே எட்டுவதில்லை. நூறாண்டுக்கு மேல் கடைமடை விவசாயியின் பெயரால் காத்துவந்த நீரில் பெரும்பகுதி அவரிடம் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆய்வு வந்ததும் தடை தகர்ந்துவிடவில்லை. 2009இல் இரண்டு சிறு சன்னல்கள் திறந்தன. நகரக் குடிநீர் இணைப்பு இல்லாமல் சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் கிராமப்புற வீடுகள் அனுமதி பெற்று மழைநீர் பிடிக்கலாம் என்றது ஒரு சட்டம். புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் பத்தை மட்டும் சோதனை முறையில் அனுமதிக்கலாம் என்றது இன்னொன்று. 12,000 வீடுகளுக்குத் திட்டமிட்டிருந்த ஸ்டெர்லிங் ராஞ்ச் அதில் முதலாவது. அங்கேயும் பிடித்த நீருக்கு ஈடான நீரை வேறிடத்திலிருந்து ஆற்றில் விட்டாக வேண்டும். எவ்வளவு ஈடு என்பதற்கு மழைமானியும் ஓட்டமானியும் வைத்து ஆண்டுக்கணக்கில் தரவு சேர்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் டென்வர்வாசிக்கு இரண்டு சட்டங்களாலும் எந்தப் பயனும் இல்லை.

அவருக்காகக் கொண்டுவந்த மசோதா 2015இல் செனட்டில் நின்றுபோனது. எதிர்த்தவர்கள் முக்கியமாகப் பாசனப் பகுதிகளின் உறுப்பினர்கள். அவர்களை முட்டாள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு பீப்பாயால் ஆறு வற்றிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. வரிசையில் நிற்காமல் எடுக்க ஒருவரை அனுமதித்தால் அடுத்தவரை எந்த முகத்தோடு நிறுத்துவது என்று கேட்டார்கள். ஆர்கன்சாஸ் ஆற்றில் அந்த மாநிலம் பட்ட அனுபவமும் இருந்தது. அங்கே ஆற்றோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகப் பெருகி ஆற்றையே உறிஞ்சிவிட, கீழே இருக்கும் கான்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. இரு மாநிலங்களின் நதிநீர் ஒப்பந்தத்தைக் கொலராடோ மீறியதாக 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தாண்டு கழித்து 3 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட நேர்ந்தது. சின்னச் சின்னக் குழாய்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட ஊர்.

ஆனால் கிணறு வேறு, கூரை வேறு. டென்வரில் ஆண்டுக்கு விழும் மழையும் பனியும் சேர்த்து சுமார் 370 மில்லிமீட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் அது ஏறத்தாழ 34,000 லிட்டர். 416 லிட்டர் பீப்பாய்கள் நிறைய நாலரை மில்லிமீட்டர் மழை போதும்; அதற்கு மேல் பெய்வது வழிந்து ஓடிவிடும். பிடித்த நீரையும் அவர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார்? நாலு நாள் கழித்து அதே தோட்டத்தில். பீப்பாய் இல்லையென்றால் கூரைக் குழாயிலிருந்து அந்த நீர் அந்த மண்ணில்தான் விழுந்திருக்கும். கொலராடோ அரசுப் பல்கலைக்கழக வல்லுநர்கள், இந்த அளவு சேகரிப்பால் ஆற்றில் கண்டறியத்தக்க மாற்றம் எதுவும் வராது என்று சட்டமன்றக் குழுவிடம் விளக்கினார்கள். 2016இல் ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர் கையெழுத்திட்டார். நான்கு குடித்தனம்வரை உள்ள வீடுகளுக்குப் பொருந்தும் அந்தச் சட்டத்தில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொரு வாசகம்: பீப்பாய் வைத்திருப்பது நீருரிமை ஆகாது. பழைய உரிமைக்காரர் எவருக்காவது பாதிப்பு என்று தெரிந்தால் மாநிலப் பொறியாளர் பீப்பாயை நிறுத்தச் சொல்லலாம். அளவீடு தோற்ற இடத்திலும் வரிசையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மேற்கின் மற்ற மாநிலங்கள் இவ்வளவு பாடுபடவில்லை. கூரைநீருக்கு நீருரிமை தேவையில்லை என்று வாஷிங்டன் மாநிலம் 2009இல் ஒரு விளக்கக் குறிப்போடு முடித்துக்கொண்டது. யூட்டா 2010இல் பதிவு செய்துகொண்டால் 2,500 கேலன்வரை பிடிக்கலாம் என்றது. கலிஃபோர்னியா 2012இல் கூரைநீரை விடுவித்தது. இதே முந்துரிமைச் சட்டம் உள்ள அரிசோனாவின் டூசான் நகரம், வணிகக் கட்டடங்கள் தங்கள் தோட்டத் தேவையில் பாதியை மழைநீரால் ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று 2008இல் கட்டாயமே ஆக்கியது. மழை பிடித்ததற்காக ஜெயிலுக்குப் போனவர் என்று இணையத்தில் உலவும் ஓரிகன்காரரின் கதையும் கூரையைப் பற்றியதன்று. ஓடைகளுக்குப் போகும் நீரை மறித்து, சுமார் 40 ஏக்கர்-அடி, அதாவது ஏறக்குறைய 5 கோடி லிட்டர் பிடிக்கும் மூன்று குளங்களை அவர் அணை கட்டி வைத்திருந்தார். மீனும் விட்டிருந்தார், படகுத்துறையும் இருந்தது. 2012இல் அவருக்கு 30 நாள் சிறை. அதே ஓரிகனில் கூரைநீரைப் பிடிக்க எந்தத் தடையும் இல்லை.

மறுபயன்பாட்டுக்கு வருவோம். குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் தோட்டத்துக்குத் திருப்புவது மழை பிடிப்பதைவிடச் சாதுவான காரியமாகத் தோன்றும். கொலராடோவில் 2013வரை அதற்குத் தெளிவான சட்ட வழியே இல்லை. ஒரு காரணம் சுகாதாரம்: குழாய்ப் பணி விதிகளின் கண்ணுக்கு அது சாக்கடை. இன்னொரு காரணம் ஆழமானது.

வீட்டுக்குள் வரும் நீரில் மிகப் பெரும்பகுதி சாக்கடை வழியாக வெளியே போய்விடுகிறது. குளியலறையிலும் கழிவறையிலும் நாம் நீரைச் செலவழிப்பதில்லை, அழுக்காக்கி அனுப்புகிறோம். டென்வரின் சாக்கடை சுத்திகரிக்கப்பட்டு சவுத் பிளாட் ஆற்றில் விடப்படுகிறது. நகரத்துக்குக் கீழே, ஆண்டின் பல மாதங்களில், அந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு அந்தச் சுத்திகரித்த நீர்தான். பிரைட்டன், கிரீலி பக்கத்து வாய்க்கால்கள் அதை எடுக்கின்றன. வயலில் பாய்ந்ததன் வடிநீர் மறுபடி ஆற்றில் சேர்கிறது. அடுத்த வாய்க்கால் எடுக்கிறது. மாநில எல்லையில் ஜூல்ஸ்பர்க்கைத் தாண்டுவதற்குள் ஒரே நீர் பலமுறை கைமாறிவிடும். எல்லையில், ஏப்ரல் முதல் அக்டோபர் நடுவரை நொடிக்கு 120 கன அடி ஓட்டம் குறைந்தால், கீழ்ப்பகுதியில் 1897 ஜூன் 14க்குப் பிந்தைய உரிமைகளை நிறுத்தியாக வேண்டும் என்று நெப்ராஸ்காவுடன் 1923ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு வீடு குளித்த நீரைப் புல்வெளிக்குத் திருப்பினால், ஆற்றுக்குப் போக வேண்டியது புல் வழியாக வானத்துக்குப் போய்விடும். வீட்டுக்காரர் தண்ணீரைச் சேமித்ததாக நினைப்பார். அவருடைய மீட்டரும் அப்படியே சொல்லும். கிரீலியில் ஒரு மதகு முன்கூட்டியே இறங்கும். கூரை மழை ஆற்றை எட்டுகிறது என்பது வெறும் அனுமானமாக இருந்தது. சாக்கடை நீர் ஆற்றை எட்டுகிறது என்பதைக் குழாய் வாயில் நின்று கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் இங்கே நான் கடைமடைக்காரர் பக்கம் சாய்கிறேன். அதே குளித்த நீரைக் கழிவறைக்கு ஊற்றினால் கதை வேறு. அது மறுபடி சாக்கடைக்கே வந்துவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை.

கொலராடோவின் சட்டம் கேட்கும் உண்மையான கேள்வி, எவ்வளவு எடுத்தாய் என்பதைவிட எவ்வளவு திருப்பிக் கொடுத்தாய் என்பதே. விவசாயி தன் நீருரிமையை நகரத்துக்கு விற்கும்போதும் பயிர் குடித்துத் தீர்த்த அளவை மட்டுமே விற்க முடியும். வடிநீராக ஆற்றுக்குத் திரும்பிய பங்கு அவருடையதன்று, விற்கவும் முடியாது. மறுபக்கம், வேறு படுகையிலிருந்து கொண்டுவந்த நீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த நீரை நம்பிக் கீழே யாரும் வாய்க்கால் வெட்டியிருக்கவில்லையே. டென்வர் நகரம் மலைத்தொடரைக் குடைந்து 37 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே ப்ளூ ஆற்றின் நீரைக் கொண்டுவருகிறது. 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பாணை, அந்த நீரை மறுபயன்பாடு செய்தே தீர வேண்டும் என்று நகரத்தைக் கட்டுப்படுத்தியது. ஒரே ஆற்றில் ஓடும் நீர்தான். ஒன்றை மறுபடி தொடக் கூடாது, மற்றதை மறுபடி தொட்டே ஆக வேண்டும். அரோரா நகரம் மறுபயன்பாட்டுக்கு உரிய தன் நீரைச் சாக்கடை வழியே சவுத் பிளாட்டில் விட்டு, கீழே ஆற்றங்கரைக் கிணறுகளில் மணல் வடிகட்டிய நீராகத் திரும்ப எடுத்து, சுமார் 55 கிலோமீட்டர் குழாயில் மேட்டுக்கு ஏற்றுகிறது. 2010இல் தொடங்கிய திட்டம். எந்தச் சொட்டு எந்தப் படுகையிலிருந்து வந்தது என்பதைக் கணக்கேட்டில்தான் பிரிக்க முடியும், நாள்தோறும் பிரிக்கிறார்கள்.

இந்தச் சட்டத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது என் நோக்கமன்று. கடைமடை விவசாயியைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவர் நீரை நகரத்துக்கு விற்றுவிட்டுப் போகவும் அது வழி திறந்து வைத்திருக்கிறது. ஆர்கன்சாஸ் படுகையின் க்ரௌலி கவுண்டியில் 1970, 80களில் நகரங்கள் நீருரிமைகளை வாங்கிக் குவித்தன. 50,000 ஏக்கருக்கு மேல் இருந்த பாசனம் 5,000 ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. விதைக் கடைக்கும் கூலியாளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீருரிமைப் பட்டியலில் தேதி எதுவும் இல்லை. பீப்பாய்க்கு எதிராக நூறாண்டு வாதாடிய சட்டம் இதைத் தடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. 2003இல் வந்த அவசரச் சட்டம் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அமைக்காதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் சொன்னது. சென்னையின் மழை தெருவில் ஓடிக் கூவத்தின் வழியே கடலுக்குப் போகிறது. அதற்குக் கீழே காத்திருக்கும் வயல் இல்லை. ஆகவே நமக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. காவிரியில் எழுந்தது. டெல்டாவின் நெடுங்காலப் பயன்பாட்டை முன்வைத்துத் தமிழ்நாடு வாதாடியபோது அதன் அடிப்படை, லெஃப்ட் ஹேண்ட் வாய்க்கால்காரர்கள் சொன்னதற்கு வெகு அருகில் இருந்தது: நாங்கள் முன்பிருந்தே எடுத்துவருகிறோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் சமநீதிப் பங்கீட்டை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் தேவைக்கு. அந்த நகரம் புழங்கி வெளியேற்றும் நீரில் ஒரு பகுதி ஏரிகள் வழியே தென்பெண்ணையில் இறங்கி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து நிற்கிறது. இன்னொரு பகுதியைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். நுரையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சுத்திகரிக்கப்பட்டு மேலேயே நின்றுவிடும் நீரில் கீழே இருப்பவருக்குப் பங்கு உண்டா என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை. கொலராடோவில் ஒரு வழக்கறிஞர் முதலில் கேட்டிருப்பது அதைத்தான்.

கொலராடோ 2013இல் குளித்த, துவைத்த நீருக்கு அனுமதி தந்தபோது இரண்டு நிபந்தனைகள் வைத்தது. உள்ளூர் நிர்வாகம் தனியே விதி இயற்ற வேண்டும். நீர் வழங்கும் நிறுவனத்தின் நீருரிமை அதற்கு இடம்தர வேண்டும். சமையலறைத் தொட்டி நீருக்கும் கழிவறை நீருக்கும் அனுமதி கிடையாது. டென்வர் 2016இல் விதி இயற்றியது. பின்தொடர்ந்த ஊர்கள் மிகச் சில. 2024இல் சட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். 2026 தொடக்கத்திலிருந்து மாநிலம் முழுதும் அனுமதி உண்டு, வேண்டாம் என்கிற ஊர்தான் தீர்மானம் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். நீருரிமை பற்றிய இரண்டாவது நிபந்தனை கைவிடப்படவில்லை. பின்வாசலில் துவைத்த நீரைச் செடிக்குத் திருப்ப நினைப்பவர், தன் குழாயில் வருவது மலைக்கு இப்பால் உள்ள ஆற்றின் நீரா, அப்பால் உள்ள ஆற்றின் நீரா என்று இப்போதும் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.